கெடாவை எழுத ஓர் ஆய்தம்

மலேசியாவின் வடக்கே கெடா மாநிலத்தில் இருந்த கடையை அப்பா மூடிய வாரம், கல்லாப்பெட்டிக்குக் கீழே ரப்பர் போட்டுக் கட்டிய ஒரு கட்டு கிடைத்தது. எல்லாம் 555 புத்தகங்கள். மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: உள்ளங்கை அளவில், அட்டையில் 555 என்று அச்சிட்ட சின்னக் குறிப்பேடு. கடைக்காரர்கள் கடன் எழுதுவது அதில்தான். ‘555-ல போட்டுக்க’ என்றால் பிறகு தருகிறேன் என்று பொருள்.

ஒரு பக்கத்தைப் பிரித்தேன். அப்பாவின் சாய்ந்த எழுத்து:

‘மக் தே. நியோஃ 2. தெலோஃ 10. ஆயாஃ பத்து 1. பெராய் 2 காந்தாங்.’

பக்கத்து வீட்டு மக் தே இரண்டு தேங்காயும் பத்து முட்டையும் ஒரு பனிக்கட்டியும் இரண்டு காந்தாங் அரிசியும் கடனுக்கு வாங்கியிருக்கிறார். அது எனக்கு உடனே புரிந்தது. நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஆய்த எழுத்துகளை. அப்பா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். தமிழ் ஒன்றுதான் எழுதத் தெரியும். கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மலாய்க்காரர்கள். அவர்கள் சொல்வதைக் காதில் விழுந்தபடியே எழுதியிருக்கிறார். காதில் விழுந்த ஓர் ஒலிக்குத் தமிழில் எழுத்து இல்லாதபோது, சும்மா கிடந்த ஆய்தத்தை எடுத்து அங்கே வைத்துவிட்டார்.

பள்ளிக்கூட மலாயில் முட்டை ‘தெலூர்’, தேங்காய் ‘நியூர்’, தண்ணீர் ‘ஆயேர்’. கெடாக்காரர் வாயில் அந்த ஈற்று ‘ர்’ நாக்கு நுனிக்கு வருவதே இல்லை. தொண்டையின் அடியிலேயே பிறந்து அங்கேயே அடங்கிவிடுகிறது. அரபு படித்தவர்கள் ‘ஐன்’ எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பார்கள். இன்றைய இளைஞர்கள் கைப்பேசியில் தட்டும்போது அந்த இடத்தில் ஆங்கில ‘க்யூ’ எழுத்தைப் போடுகிறார்கள். அவர்களுக்குப் பல ஆண்டுகள் முன்பே அப்பா ஆய்தம் போட்டிருக்கிறார். நன்னூல் ஆய்தம் பிறக்கும் இடம் தலை என்கிறது. குவார் செம்பெடாக் பக்கம் ஒரு சின்னக் கடையில் அது தொண்டைக்கு இறங்கிவிட்டது.

இந்தக் கட்டுரை முழுக்க நானும் அப்பாவின் வழக்கப்படியே எழுதுகிறேன். பெரியது ‘பெசாஃ’. பாம்பு ‘உலாஃ’. தூக்கம் ‘திடோஃ’. கெடாவின் தலைநகரம் வரைபடத்தில் அலோர் ஸ்டார், ஊர்க்காரர் வாயில் ‘லோஃ ஸ்தாஃ’. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் ‘லோஃ ஸ்தாஃ’ என்று சொல்லிவிட்டால் போதும், அவர் எந்த ஊர் என்று நான் கேட்பதில்லை.

ஈற்று ‘ர்’ மட்டும் அல்ல. ‘ஸ்’ என்று முடிய வேண்டியதெல்லாம் மூச்சாகக் கரைந்துபோகும். சூடு ‘பானாஸ்’ அல்ல, ‘பானாய்ஹ்’. முடிந்தது ‘ஹாபிஸ்’ அல்ல, ‘ஹாபிஹ்’. எலி ‘திக்கூய்ஹ்’. ‘ல்’ என்று முடிவது ‘ய்’ ஆகும். விலை அதிகம் என்றால் ‘மாஹால்’ அல்ல, ‘மாஹாய்’. சரி என்றால் ‘பெத்துல்’ அல்ல, ‘பெதோய்’. நாமும் ஈற்று லகரத்தை அப்படியே விட மாட்டோம். பால் ‘பாலு’ ஆகும், கல் ‘கல்லு’ ஆகும். நாம் பின்னால் ஓர் உகரத்தை ஒட்டுகிறோம், அவர்கள் லகரத்தையே யகரமாக நெகிழ்த்திவிடுகிறார்கள்.

மலாய் என்றால் ஒரே மலாய்தான் என்று நினைப்பவர்கள் நிறைய. மடகாஸ்கரிலிருந்து ஈஸ்டர் தீவு வரை கடலோடு பரவிய ஆஸ்ட்ரோனேசியக் குடும்பத்தில் மலாய் ஒரு கிளை. அந்தக் கிளையிலேயே கெடா மலாய்க்குத் தனி இடம் உண்டு. மொழிகளுக்குக் குறியீடு வழங்கும் உலகப் பட்டியலில் அதற்கு ‘எம்.இ.ஓ.’ என்று தனிக் குறியீடே இருக்கிறது. மலாய் மொழியியலின் பெரிய பெயர்களில் ஒருவரான அஸ்மா ஹாஜி ஓமார் கெடாவின் ஜித்ராவில் பிறந்தவர். மொழியா வட்டார வழக்கா என்ற வாதத்தில் எனக்கு ஆர்வம் குறைவு. நான் அழுதபோது எந்தப் பேச்சில் என்னைத் தேற்றினார்கள் என்பதுதான் எனக்குக் கணக்கு.

அதைச் சொல்கிறேன். தம்பி பிறந்த சமயம் அம்மா மருத்துவமனையில். அப்பா கடைக்கும் மருத்துவமனைக்குமாக அலைந்துகொண்டிருந்தார். ஐந்து வயதுப் பிள்ளையான என்னைப் பத்து நாள் மக் தே வீட்டில் விட்டார்கள். ஜெராய் மலை தெரியும் வயல் ஓரத்தில், கால் நட்டு உயர்த்திக் கட்டிய மரவீடு. முதல் ராத்திரி ஜன்னல் ஓரம் நின்று அழுதுகொண்டிருந்தேன். மக் தே வந்து என் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துக்கொண்டு கேட்டார்:

“மாய் சாட், ச்செக். ஆவாட் டோக் தெரியாக்?”

இங்கே வா கொஞ்சம். ஏன் அழுகிறாய்?

இந்த ஒரு வரியைப் பள்ளிக்கூட மலாய் மட்டும் தெரிந்தவரிடம் சொல்லிப் பாருங்கள். ‘ஏன் கத்துகிறாய்’ என்று அதட்டுவதாக எடுத்துக்கொள்வார். பொதுமலாயில் ‘தெரியாக்’ என்றால் கத்துவது. கெடாவில் அழுவது. ‘மாரி’ தேய்ந்து ‘மாய்’. ‘ஏன்’ என்பதற்கு ‘ஆவாட்’. பாடப்புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. அப்புறம் அந்த ‘ச்செக்’. கெடாவில் சின்னவர்கள் பெரியவர்களிடம் பேசும்போது தன்னைச் சொல்லிக்கொள்ளும் சொல் அது. பெரியவர்கள் குழந்தையைக் கொஞ்சும்போது அதே சொல்லைத் திருப்பிக் குழந்தைக்குச் சூட்டுகிறார்கள். நம் வீடுகளில் மகளை ‘அம்மா’ என்றும் மகனை ‘அப்பா’ என்றும் கூப்பிடுகிறோமே, அதற்குப் பக்கத்தில் வருகிற பாசம்.

பத்து நாள் கழித்து அம்மா தம்பியோடு வீடு வந்தபோது நான் அம்மாவிடம் தமிழுக்கு நடுவே ‘ச்செக்’ போட்டுப் பேசினேனாம். அம்மா சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஒத்த வயதுக்காரர்களுக்குள் ‘ஹாங்’. நீ. பல பேர் என்றால் ‘ஹம்பா’. அவர்கள் ‘டெபா’. தமிழ் ‘நீ’யைப் போலத்தான் ‘ஹாங்’. நெருக்கமானவரிடம் இனிக்கும், அறியாதவரிடம் குத்தும். கெடாவில் யாரும் மக் தேயைப் பார்த்து ‘ஹாங்’ என்று சொல்லிவிட மாட்டார்கள். மக் தே என்று உறவு சொல்லித்தான் பேச வேண்டும். மூத்தவர் மக் லோங், கடைக்குட்டி மக் சூ, தாத்தா தோக் வான். மரியாதை தெரியாத பேச்சு என்று வடக்கத்தி மலாயைக் குறை சொல்பவர்கள் இந்த முறைகளைக் கேட்டதில்லை.

1988-இல் நான் ஆறாம் ஆண்டு. அந்த ஆண்டுதான் நாடு முழுக்க ‘செபுத்தான் பாக்கு’ வந்தது. எழுதியிருப்பதை எழுதியபடியே உச்சரிக்க வேண்டும் என்ற ஏற்பாடு. மறு ஆண்டு இடைநிலைப்பள்ளியின் புகுமுக வகுப்பில், தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த நாங்கள் முப்பது பேர். மலாய் கற்றுக்கொடுக்க வந்த ஆசிரியை தெற்கே ஜொகூர்க்காரர். தெற்கில் ‘சாயா’ என்ற சொல்லின் ஈற்று ஆகாரம் தேய்ந்து, எகரமும் இல்லாமல் உகரமும் இல்லாமல் அரைகுறையாக முடியும். வானொலியும் தொலைக்காட்சியும் அதுவரை பேசியது அதைத்தான். இப்போது திடீரென்று வாயைத் திறந்து ‘சாயா’, ‘ஆபா’ என்று முழு ஆகாரம் சொல்ல வேண்டும். பாவம், பிறந்ததிலிருந்து பழகிய வாய். மூன்று சொல்லுக்கு ஒரு தரம் பழைய ஓசைக்கு நழுவிவிடும். எங்களுக்கோ அது பழகிய தடம். கெடாக்காரர்கள் காலங்காலமாக ‘ஆபா’ என்று முழு ஆகாரம்தான் சொல்லிவந்திருக்கிறார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக எங்கள் ஊர் வாய் சரி என்று ஆனது.

அந்தப் பெருமை ஒரு வாரம் நின்றது. அடுத்த பாடத்தில் தண்ணீர் வந்தது. எழுந்து நின்று ‘ஆயாஃ’ என்று வாசித்தேன். “எழுத்தில் ‘ர்’ இருக்கிறதே, அதை எங்கே விழுங்கினாய்?” என்றார். பத்து முறை சொல்லவைத்தார். ஆயேர், ஆயேர், ஆயேர். வகுப்பு சிரித்தது. அன்றிலிருந்து நான் இரண்டு வாய் வைத்துக்கொண்டேன், பள்ளிக்கு ஒன்று, மக் தேக்கு ஒன்று. 2000-இல் அரசு செபுத்தான் பாக்குவைக் கைவிட்டது. தொலைக்காட்சி பழைய தெற்கத்தி ஓசைக்கே திரும்பிப் போய்விட்டது.

அதற்குள் நான் கோலாலம்பூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். முதல் வாரம், மதியம் பன்னிரண்டரைக்கு, உடன் வேலை செய்பவர்கள் மேசைப் பக்கம் போய் நல்ல மனதோடு கேட்டேன்: “ஹம்பா நாக் பி மாக்கான் டாக்?” நீங்கள் சாப்பிடப் போகிறீர்களா இல்லையா. ஒரு நிமிடம் அமைதி. பிறகு ஒரே சிரிப்பு. பொதுமலாயில் ‘ஹம்பா’ என்றால் பதர். உள்ளே மணி இல்லாத நெல். நாட்டுக்கே சோறு போடும் மாநிலத்திலிருந்து வந்த பெண், எங்களைப் பார்த்துப் பதர்களே சாப்பிட வருகிறீர்களா என்கிறாள் என்று மாதக்கணக்கில் ஓட்டினார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் நான் வாயை மூடிக்கொண்டேன். அடுத்த பதினைந்து ஆண்டுகள், ‘ஹாங்’ போய் ‘அவாக்’ வந்தது, ‘பி’ போய் ‘பெர்கி’ வந்தது. தொலைக்காட்சி நாடகத்தில் கெடாப் பேச்சு பேசுகிறவர் வந்தால் அவர் சிரிக்கவைப்பவராக இருப்பார், இல்லையென்றால் சண்டைக்காரராக இருப்பார். அதைப் பார்த்துச் சிரித்தவர்களோடு சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன். இன்று அதை நினைத்தால் வலிக்கிறது.

அந்தப் பேச்சின் எல்லைகளைப் பற்றிப் பிறகுதான் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, சின்ன வயதில் கடை வாசலில் கேட்ட ஒவ்வொரு குரலுக்கும் ஒரு காரணம் கிடைத்தது.

வாரத்துக்கு ஒருமுறை சிக் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி பெத்தாய்க் காய்க் கட்டுகளோடு கடைக்கு வருவார். எங்கள் கம்பத்தில், அதாவது கிராமத்தில், கட்டிக்கொடுத்த மகளைப் பார்த்துவிட்டுப் போகிற சாக்கு. அவர் மீனை ‘இக்கான்’ என்று சொல்ல மாட்டார், ‘இக்கே’ என்பார். கோழி ‘ஆயாம்’ அல்ல, ‘ஆயே’. சாப்பிடுவது ‘மாக்கே’. நாங்கள் பிள்ளைகள் அவர் போன பிறகு அதே மாதிரி பேசிக் காட்டுவோம். அதே கெடா மாநிலம், சில மணி நேரப் பயணத் தூரம், பேச்சு மட்டும் ஏன் மலைக்கு அந்தப் பக்கத்துப் பத்தானியையும் கிளந்தானையும் போல் இருந்தது?

1786-இல் பத்தானி என்ற மலாய் அரசு சயாமிடம், இன்றைய தாய்லாந்திடம், வீழ்ந்தது. அடுத்தடுத்த கலகங்களிலும் போர்களிலும் அங்கிருந்து தப்பியவர்களும் நிலம் தேடியவர்களும் மலையைத் தாண்டி பாலிங், சிக், பாடாங் தெராப் பக்கம் குடியேறினார்கள். அவர்கள் தலையில் சுமந்து வந்த மூட்டையில் அந்த ‘இக்கே’யும் இருந்திருக்கிறது. நாங்கள் பேசிக் காட்டிச் சிரித்தது ஓர் அகதிப் பரம்பரையின் நாக்கை.

அதே 1786, ஆகஸ்ட் 11. பினாங்குத் தீவில் பிரான்சிஸ் லைட் கொடியேற்றினார். சயாம் நெருக்குகிறது, ஆங்கிலேயர் துணைக்கு வருவார்கள் என்று நம்பித்தான் கெடா சுல்தான் அப்துல்லா தீவை விட்டுக்கொடுத்தார். துணை வரவில்லை. 1821 நவம்பரில் சயாம் படை கெடாவுக்குள் புகுந்தது. அப்போதைய சுல்தான் அகமது தாஜுடின் பினாங்குக்கு ஓடினார். ஆயிரக்கணக்கில் மக்களும் வயலை விட்டுவிட்டுத் தீவுக்கும் அதன் எதிர்க்கரையான செபராங் பிறைக்கும் ஓடினார்கள். இன்று பினாங்கில் மலாய்க்காரர்கள் பேசுவது ஏன் கெடாப் பேச்சாக இருக்கிறது என்றால் இதுவும் ஒரு காரணம். அங்கே அதன் மேல் நம்மவர் வாசனையும் ஏறிக்கொண்டது. தமிழ் முஸ்லிம்களின் ‘நானா’வும் ‘மாமி’யும் அந்த மலாய்க்குள் புகுந்துவிட்டன. பினாங்குக்காரர் நாசி கண்டார் சாப்பிடுவதில்லை, ‘நாசி கண்டாஃ’தான் சாப்பிடுகிறார்.

சுல்தான் திரும்பி வந்தது 1842-இல். அதற்குள் நாடு துண்டாகிவிட்டது. பெர்லிஸ் ஒரு பக்கம், செதுல் ஒரு பக்கம். பெர்லிஸ், லங்காவிப் பேச்சு எங்களுடையதோடு ஒட்டிப் பிறந்தது. காது பழகினால்தான் பிரித்துக் கேட்க முடியும். செதுலின் கதை வேறு. 1909-இல் லண்டனும் பாங்காக்கும் ஒப்பந்தம் போட்டபோது கெடாவும் பெர்லிஸும் ஆங்கிலேயர் பக்கம் வந்தன, செதுல் சயாமிலேயே நின்றுவிட்டது. இன்றைய தாய்லாந்தின் சதூன் மாகாணம் அதுதான். அங்கே பள்ளிவாசலுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது இப்போது தாய் மொழி. மலாய் மிச்சமிருக்கும் கம்பங்களில் ‘ஹாங்’, ‘டெபா’ என்று நம் ஊர் மலாயே கேட்கும். இன்னும் மேலே, பர்மாவின் தென்கோடிக் கௌதாங்கிலும் மலாய்க்காரர் பேசுவது இதன் சாயல்தான். யாரோ காகிதத்தில் கோடு போடுகிறார்கள்; கோட்டுக்கு அந்தப் பக்கம் போன பேத்தி, பாட்டி பேசுவது புரியாமல் வளர்கிறாள்.

கெடா என்றதும் நம்மவர்கள் கடாரம் என்பார்கள், கடாரம் கொண்டான் என்பார்கள். 1025-இல் ராஜேந்திர சோழனின் கடற்படை வந்தது உண்மை. பூஜாங் பள்ளத்தாக்கில் கோயில் அடித்தளங்கள் கிடைத்திருப்பதும் உண்மை. ஆனால் வென்றதைச் சொல்லிப் பூரிப்பதில் எனக்கு மனம் ஒட்டவில்லை. என் பாட்டனார் இங்கே வந்தது யானைமேல் அல்ல, ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்ட. தமிழ் இந்த மண்ணில் விட்டுப்போனதைப் பார்க்க வேண்டுமென்றால் அப்பாவின் 555-ஐப் பாருங்கள் என்பேன். ‘மோடாய்’ என்று ஒரு சொல் பல இடங்களில் இருக்கிறது. நம் ‘முதல்’தான் மலாயில் ‘மோடால்’ ஆனது, அதைக் கெடா ‘மோடாய்’ ஆக்கியது. நம் கப்பல் மலாயில் ‘காப்பால்’, கெடாவில் ‘காப்பாய்’. நம் கடை அவர்களுக்கு ‘கெடாய்’. அப்பா தன் மொழியிலிருந்து போன சொல்லைக் கெடாக்காரர் வாயிலிருந்து வாங்கி, அது தன்னுடையது என்று தெரியாமலே, தமிழ் எழுத்தில் எழுதிவைத்திருக்கிறார்.

போன மே மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். அவள் கோலாலம்பூரில் பிறந்தவள், பதினான்கு வயது. மக் தேக்கு எண்பது தாண்டிவிட்டது. காது மந்தம், கண் நன்றாக இருக்கிறது. வாசலில் இருந்தபடியே என்னை அடையாளம் கண்டுகொண்டு, “ஆய்ஹ், லாமா தாக் மாய்!” என்றார். எவ்வளவு நாளாயிற்று வந்து. நான் வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்து கோலாலம்பூர் மலாய் வந்தது. அவர் முகத்தில் ஒரு தயக்கம் தெரிந்தது, விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி. நான் நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி சொன்னேன்: “ச்செக் சிபோய்ஹ், மக் தே.” எனக்கு வேலை நெருக்கடி, மக் தே. சொல்ல வேண்டிய ‘சிபோக்’கைக்கூட வேறு ஏதோ கெடாச் சொல் என்று நினைத்துத் தப்பாக வளைத்துவிட்டேன். மக் தே என் கையைப் பிடித்துக்கொண்டு திருத்தினார். “சிபோக். அது சிபோக்தான்.”

பூலோட் என்னும் ஒட்டரிசிச் சோறு, துருவின தேங்காய், அறுத்த மாம்பழம். மகள் ஒரு துண்டை எடுத்து “சேடாப் மாங்கா நி” என்றாள். “மாங்காவா?” என்றார் மக் தே. “பெலாம்.” தெற்கே மாங்கா, வடக்கே பெலாம், அல்லது மெம்பெலாம். ஒன்று மாங்காயிலிருந்து போனது, மற்றொன்று மாம்பழத்திலிருந்து. மகளிடம் இதைத் தமிழில் சொன்னேன். அவள் இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். “அப்ப இங்கதான் சரியாச் சொல்றாங்க, இது பழம்தானே” என்றாள்.

வரும்போது அவள் கேட்டது வேறு. வழியில் ஒரு கடையில் கடைக்காரர் “லிமா குப்பாங்” என்றதும் விழித்தாள். வடக்கில் பத்துக் காசு ஒரு குப்பாங், ஐம்பது காசு ஐந்து குப்பாங். “ஐம்பது காசுன்னு சொன்னா என்னம்மா?” என்றாள். அப்பாவும் குப்பாங் என்றுதான் சொல்வார் என்றேன். தாத்தாவின் புத்தகத்தில் அதைப் பார்க்கலாம், வீட்டில் இருக்கிறது என்றேன்.

கிளம்பும்போது மக் தேயின் பேரன் ஓர் அட்டைப்பெட்டி நிறையப் பழம் கட்டிக் கொண்டுவந்து வண்டியில் வைத்தான். மக் தே வாசற்படியில் நின்று அவனிடம் என்னவோ சொன்னார். அவன் உள்ளே ஓடி, தடித்த மார்க்கர் பேனா எடுத்துவந்து, பெட்டி மேல் பெரிய எழுத்தில் எழுதினான். தண்ணீர் படக் கூடாது: ‘ஜாங்கான் பாகி கெனா ஆயாஃ’. கடைசி எழுத்து ‘க்யூ’, வால் நீளமாக, அட்டையின் ஓரம் வரை போயிருந்தது.

பழம் நான்கு நாளில் தீர்ந்துவிட்டது. பெட்டியின் அந்த மூடியை மட்டும் வெட்டி எடுத்து அப்பாவின் 555 கட்டோடு வைத்திருக்கிறேன்.